இரண்டு நாடுகளின் மொத்த வேலை நேரத்தை ஒப்பிடுவது எப்படி? ஜெர்மனி, ஜப்பான் கணக்கோடு ஒரு முழுமையான வழிகாட்டி

2023 சென்னைக்கு வேலை நேரத்தைப் பற்றிப் பேசியே கழிந்த ஆண்டு. ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள், அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மானியர்களும் ஜப்பானியர்களும் அப்படித்தான் செய்தார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

அதிலிருந்து ஓஎம்ஆர் ஐடி கம்பெனி கேன்டீன்களில் யாராவது ஒருவர் செல்போனில் ஒரு வரைபடத்தை நீட்டுவதும், எதிரில் இருப்பவர் வேறொன்றை நீட்டுவதும் வழக்கமாகிவிட்டது. அந்த வரைபடங்களில் பெரும்பாலானவை காட்டுவது ‘ஒரு ஆள் ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம்’ என்ற ஒரே எண்ணைத்தான். ஒரு நாடு மொத்தமாக எவ்வளவு உழைக்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கு எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கதை தலைகீழாக மாறும் இடங்கள் உண்டு.

சாதாரண லேப்டாப், ஒரு எக்ஸெல் அல்லது லிப்ரே ஆஃபிஸ், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தரவுகள் போதும். மூர்த்தி சொன்ன அதே இரண்டு நாடுகளையே எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: கேள்வியைத் தீர்மானியுங்கள்

‘யார் அதிகம் உழைக்கிறார்கள்?’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. நாடு முழுவதும் ஓர் ஆண்டில் உழைக்கப்பட்ட மொத்த மணி எவ்வளவு? வேலையில் இருக்கும் ஒருவர் சராசரியாக எவ்வளவு உழைக்கிறார்? வேலை செய்யும் வயதில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பங்கு போட்டால் எவ்வளவு வரும்?

ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் நாலு பேர் பத்து பத்து மணி நேரம் நிற்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 40 மணி. அடுத்த வருடம் அதே கடையில் ஆறு பேர், ஆளுக்கு ஏழு மணி. மொத்தம் 42. சராசரியைப் பார்ப்பவர் ‘உழைப்பு குறைந்துவிட்டது’ என்பார், மொத்தத்தைப் பார்ப்பவர் ‘கூடிவிட்டது’ என்பார். இருவர் சொல்வதும் சரிதான். ஆகவே எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள் என்பதைத் தாளின் மேலே முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலையில் கேள்வி மாறிவிடுவதுதான் இந்தக் கணக்கில் அடிக்கடி நடப்பது.

இரண்டாம் படி: யாரை எண்ணுகிறீர்கள்?

சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களை மட்டுமா, அல்லது சொந்தக் கடை வைத்திருப்பவர், விவசாயி, குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாமல் கைகொடுப்பவர் எல்லோரையுமா? முதல் கூட்டத்தை ‘ஊழியர்கள்’ என்றும், எல்லோரையும் சேர்த்து ‘வேலையில் இருப்போர்’ என்றும் வைத்துக்கொள்வோம்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு ஜப்பானே சாட்சி. 1991இல் அங்கே வேலையில் இருந்தவர்கள் சுமார் 6.37 கோடி, 2023இல் 6.75 கோடி. வளர்ச்சி 6 சதவீதம்தான். ஊழியர்களை மட்டும் எடுத்தால் 5 கோடியிலிருந்து 6.08 கோடி, அதாவது 21 சதவீதம். இடையில் நடந்தது என்னவென்றால் சின்னக் கடைக்காரர்களும் விவசாயிகளும் குறைந்து, அடுத்த தலைமுறை சம்பள வேலைக்குப் போய்விட்டது. ஒரு நாட்டுக்கு ஊழியர் எண்ணையும் இன்னொரு நாட்டுக்கு வேலையில் இருப்போர் எண்ணையும் கலந்துவிட்டால் அதன்பின் எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாலும் பிரயோஜனமில்லை.

இந்த வழிகாட்டியில் வேலையில் இருப்போர் எல்லோரையும் எடுக்கிறேன். ஆட்களின் எண்ணிக்கையும் சராசரி மணியும் ஒரே கூட்டத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும், அதற்காகத்தான்.

மூன்றாம் படி: எது ‘மணி’?

ஒப்பந்தத்தில் எழுதிய நேரம், சம்பளம் தரப்பட்ட நேரம், வழக்கமாக உழைக்கும் நேரம், உண்மையில் உழைத்த நேரம் என்று நாலு விதம் உண்டு. நமக்கு வேண்டியது கடைசி. இதற்கு ஐஎல்ஓ எனப்படும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் புள்ளியியலாளர் மாநாடு 2008இல் ஒரு வரையறை கொடுத்திருக்கிறது. அதை நம்மூருக்குக் கொண்டுவந்தால் இப்படி வரும். தாம்பரத்திலிருந்து ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும் நேரம் கணக்கில் வராது. மதியச் சாப்பாட்டு இடைவேளை வராது. நடுவில் குடிக்கும் டீக்கான சின்ன இடைவேளை வரும். கரண்ட் போய் மெஷின் நிற்கும்போது தொழிலாளி அங்கேயே காத்திருந்தால் அதுவும் வரும். பொங்கல் விடுமுறை, மெடிக்கல் லீவு எல்லாம் வராது, சம்பளத்தோடு கொடுத்தாலும் வராது. ஓவர்டைம் வரும், அதற்குக் காசு தராவிட்டாலும் வரும்.

அந்தக் கடைசி வரியில்தான் சிக்கல். நிறுவனத்திடம் கேட்டு எடுக்கும் கணக்கில் காசு தராத ஓவர்டைம் இருக்காது, எந்த நிறுவனம் அதை எழுதிக் கொடுக்கும்? வீட்டுக்குப் போய்த் தொழிலாளியையே கேட்டால் வரும். ஜப்பானில் இரண்டு வகை சர்வேயும் நடக்கிறது. வீடுகளில் எடுப்பது எப்போதும் அதிக மணியைக் காட்டுகிறது. வீட்டு சர்வேக்கு எதிர்ப்பக்கக் குறை ஒன்று உண்டு. போன வாரம் எடுத்த லீவையும் சின்னச் சின்ன விடுப்புகளையும் மறந்துவிட்டு வழக்கமான நேரத்தையே சொல்லிவிடுவார்கள். வீட்டு சர்வேயை அப்படியே 52ஆல் பெருக்கும் நாடுகளின் எண் கொஞ்சம் ஊதியிருப்பதும், விடுப்பு, பண்டிகை, நோய் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழிக்கும் ஜெர்மனி போன்ற நாடுகளின் எண் ஒட்டியிருப்பதும் இதனால்தான்.

நான்காம் படி: தரவு எங்கே?

பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் தளத்தில் ‘ஒரு வேலையாளுக்கு ஆண்டுச் சராசரி மணி’ என்ற தொடர் இருக்கிறது. பணக்கார நாடுகளுக்கு இதுவே வசதி. அதன் அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. இந்தத் தரவு காலப்போக்கை ஒப்பிடுவதற்குத்தான், ஒரே ஆண்டில் நாட்டுக்கு நாடு அளவை ஒப்பிட ஏற்றதல்ல என்று அவர்களே அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம் மேலே சொன்ன சர்வே வித்தியாசம்தான். கேன்டீன் சண்டைகளில் பாதி இந்த ஒரு குறிப்பிலேயே முடிந்துவிட வேண்டியது.

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகம் வெளியிடும் பென் வேர்ல்டு டேபிள் என்ற கோப்பு 1950 வரை பின்னால் போகிறது. வேலையில் இருப்போர் எண்ணிக்கை, சராசரி மணி இரண்டும் ஒரே கோப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பழைய ஆண்டுகளில் ஒரே எண் வருடக்கணக்காக அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள், அது அளந்ததாக இருக்காது. மூன்றாவது, ஐஎல்ஓவின் புள்ளிவிவரத் தளம். வளரும் நாடுகளுக்கு அதுதான் கை கொடுக்கும், ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் வார மணி.

எந்தத் தேதியில் இறக்கினீர்கள் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். இந்தத் தொடர்கள் எல்லாம் பின்னோக்கித் திருத்தப்படும். இன்று இறக்கும் 2015ஆம் ஆண்டு எண்ணும் மூன்று வருடம் முன்பு இறக்கிய அதே எண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்ற அவசியமில்லை.

ஐந்தாம் படி: பெருக்குங்கள்

முதல் நெடுவரிசையில் ஆண்டு, அடுத்ததில் ஆட்கள், அடுத்ததில் சராசரி மணி, நான்காவதில் இரண்டின் பெருக்கல். அவ்வளவுதான். அலகில் மட்டும் கவனம். வெளிநாட்டுக் கோப்புகள் மில்லியனில் இருக்கும், பத்து மில்லியன் ஒரு கோடி. ஜப்பான் அரசின் அட்டவணைகள் பத்தாயிரத்தை அலகாக வைத்தவை, அங்கே 6,747 என்று இருந்தால் 6.747 கோடி என்று படிக்க வேண்டும்.

தோராய எண்களை வைத்துப் போட்டால்:

ஜெர்மனி 1991: 3.88 கோடி பேர், தலைக்கு 1,554 மணி, மொத்தம் சுமார் 6,030 கோடி மணி.
ஜெர்மனி 2023: 4.59 கோடி பேர், தலைக்கு 1,342 மணி, மொத்தம் சுமார் 6,160 கோடி மணி.
ஜப்பான் 1991: 6.37 கோடி பேர், தலைக்கு 1,998 மணி, மொத்தம் சுமார் 12,730 கோடி மணி.
ஜப்பான் 2023: 6.75 கோடி பேர், தலைக்கு 1,611 மணி, மொத்தம் சுமார் 10,870 கோடி மணி.

ஜப்பான் பெரிய நாடு, மொத்தம் அதிகமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. அதனால் 1991ஐ 100 என்று வைத்து மறுபடி எழுதுங்கள். 2023இல் ஜெர்மனி 102, ஜப்பான் 85. உலகத்திலேயே குறைவாக உழைப்பவர்கள் என்று பெயர் வாங்கிய ஜெர்மானியர்களின் மொத்த உழைப்பு 32 ஆண்டு கழித்துப் பார்த்தால் 1991ஐவிடக் குறையவே இல்லை. உழைப்புக்குப் பேர்போன ஜப்பானில் ஏழில் ஒரு பங்கு கரைந்துவிட்டது.

ஆறாம் படி: தொடர் எங்கே உடைகிறது?

தொடக்க ஆண்டாக 1991ஐ எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1990 அக்டோபரில் இரண்டு ஜெர்மனிகளும் இணைந்தன. அதற்கு முந்தைய எண்கள் பெரும்பாலும் மேற்கு ஜெர்மனிக்கு மட்டும். கோட்டை அப்படியே இழுத்தால் ஒரே வருடத்தில் லட்சக்கணக்கானோர் வானத்திலிருந்து குதித்து வேலையில் சேர்ந்த மாதிரி தெரியும். இணைப்புக்கு முந்தைய காலம் வேண்டுமென்றால் மேற்கு ஜெர்மனியைத் தனிக் கோடாக வரைந்து, நடுவில் இடைவெளி விடுங்கள். ஒட்டிவிடாதீர்கள்.

ஜப்பானில் வேறு விதம். 2011 சுனாமிக்குப் பிறகு இவாட்டே, மியாகி, ஃபுகுஷிமா ஆகிய மூன்று மாகாணங்களில் தொழிலாளர் சர்வேயைச் சில மாதங்கள் நடத்த முடியவில்லை. இன்னொரு விஷயம் பெரிய ஊழலாகவே வெடித்தது. டோக்கியோவில் 500 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் அனைத்தையும் மாதாந்திர சர்வேயில் கேட்க வேண்டும் என்பது விதி. 2004 முதல் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே கேட்டு வந்தார்கள் என்பது 2018 கடைசியில் அம்பலமானது. சம்பளக் கணக்குக்குத்தான் அதில் பெரிய அடி, ஆனாலும் அந்தக் கால எண்களின் திருத்திய பதிப்பைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும்.

ஏழாம் படி: மொத்தத்தைப் பிரித்துப் பாருங்கள்

இந்த வேலையில் ருசியே இங்கேதான். மொத்தம் மாறியதற்கு ஆட்கள் எவ்வளவு காரணம், மணி எவ்வளவு காரணம்?

ஜெர்மனியில் ஆட்கள் 18 சதவீதம் கூடினார்கள், தலைக்கு மணி 14 சதவீதம் குறைந்தது. ஜப்பானில் ஆட்கள் 6 சதவீதம் கூடினார்கள், மணி 19 சதவீதம் குறைந்தது. சதவீதங்களை நேராகக் கூட்டினால் விடை சற்று பிசகும், ஜப்பானுக்கு 13 என்று வரும், உண்மை 15க்கு அருகில். எக்ஸெலில் LN என்ற சூத்திரத்தால் இயல் மடக்கை எடுத்து, அந்த வித்தியாசங்களைக் கூட்டினால் துல்லியமாக ஒத்துப்போகும். பிளஸ் டூ கணக்கு நினைவிருந்தால் பெருக்கல் மடக்கையில் கூட்டலாக மாறும் என்பது ஞாபகம் வரும்.

அடுத்த கேள்வி, தலைக்கு மணி ஏன் குறைந்தது? ‘எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள்’ என்பதுதான் முதலில் தோன்றும் பதில். ஜப்பானில் அது பெரும்பாலும் தவறு. 1990களின் நடுவிலிருந்து 2018 வரை முழுநேர ஊழியரின் ஆண்டு மணி 2,000ஐச் சுற்றியே நின்றது. மாறியது கூட்டத்தின் கலவை. பகுதிநேரம், ஒப்பந்தம் என்று நிரந்தரமல்லாத வேலையில் இருப்போர் இன்று ஊழியர்களில் சுமார் 37 சதவீதம். 1990இல் அது ஐந்தில் ஒரு பங்குதான். வாரம் 20 மணி நேரம் வேலை செய்யும் ஒருவர் புதிதாகச் சேரும்போது மொத்தம் கூடும், சராசரி குறையும். பழைய ஊழியர் ஒரு நிமிடம்கூடக் குறைத்திருக்க மாட்டார். ஓவர்டைமுக்கு மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்று பொதுவான உச்சவரம்பு வைத்த சட்டம் 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகே முழுநேரத்தாரின் எண்ணும் அசையத் தொடங்கியது.

ஜெர்மனியிலும் கலவைதான் பெரிய பங்கு. ஏராளமான பெண்கள் பகுதிநேர வேலைக்கு வந்தார்கள், முழுநேரத்தார் இன்றும் வாரம் 40 மணிக்கு அருகிலேயே உழைக்கிறார்கள். 1984இல் உலோகத் தொழிலாளர் சங்கம் 35 மணி நேர வாரத்துக்காகப் பெரிய வேலைநிறுத்தம் நடத்தி 1995இல் அதை முழுமையாக அடைந்தது உண்மை, ஆனால் அது அந்தத் துறைக்கு. ஆகவே முழுநேரம், பகுதிநேரம் என்று தனித்தனி எண் கிடைத்தால் கட்டாயம் போட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ‘ஒவ்வொருவரும் குறைவாக உழைக்கிறார்கள்’ என்று எழுதாதீர்கள்.

எட்டாம் படி: வயதுக்கு வகுங்கள்

ஜப்பானின் மொத்தம் குறைந்ததைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால், 15 முதல் 64 வயதுள்ளோர் எண்ணிக்கையை எடுங்கள். அது 1995இல் சுமார் 8.72 கோடி என்ற உச்சத்தில் இருந்தது, 2023இல் 7.4 கோடி. மொத்த மணியை இதால் வகுத்தால் 1995இல் தலைக்கு ஏறக்குறைய 1,390, 2023இல் 1,470. கூடியிருக்கிறது!

ஆனால் இதையும் அப்படியே நம்பக் கூடாது. 65 வயது தாண்டிய 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்று ஜப்பானில் வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் மணி மேலே இருக்கிறது, தலை கீழே இல்லை. 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோராலும் வகுத்து இன்னொரு முறை போடுங்கள். இரண்டு விடைகளையும் காட்டுவதுதான் நேர்மை.

ஒன்பதாம் படி: ஆண்டுக்கு ஆண்டு குதிப்பதை நம்பாதீர்கள்

ஜெர்மனியில் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை வந்தால் போனது போனதுதான். ஜப்பானில் 1973 முதல் ஈடாக இன்னொரு நாள் விடுமுறை உண்டு. இதனால் ஜெர்மனியில் நாள்காட்டி ஒன்றே ஓர் ஆண்டின் மொத்தத்தை ஏற்றி இறக்கும். அப்புறம் கொரோனா. 2020 ஏப்ரலில் சுமார் 60 லட்சம் ஜெர்மானியர்கள், அரசு ஈட்டுத்தொகை கொடுக்கும் குறைநேர வேலைத் திட்டத்தில் இருந்தார்கள். பணியில் இருப்போர் பட்டியலில் பெயர் இருக்கும், உழைத்த மணி பாதியாகவோ பூஜ்யமாகவோ இருக்கும். ஆள் கணக்கு அசையாமல் மணி மட்டும் விழுந்த ஆண்டு அது. 2020ஐத் தொடக்கமாகவோ முடிவாகவோ வைக்காதீர்கள். மூன்றாண்டுச் சராசரி எடுத்தால் கோடு அமைதியாகும்.

70 மணி நேரக் கேள்விக்கு

மூர்த்தி பேசியது போருக்குப் பிந்தைய காலத்தை. மேலே உள்ள கணக்கு 1991க்குப் பிறகு. ஒன்றை வைத்து மற்றதை மறுக்க முடியாது, பின்னாலும் போய்ப் பார்க்க வேண்டும். ஜெர்மனிக்கு 1950இல் கிடைக்கும் மதிப்பீடு தலைக்கு ஆண்டு சுமார் 2,400 மணி. விடுமுறை போக 48 வாரம் வேலை என்று வைத்தால் வாரம் 50 மணி. ஆறு நாள், தினம் எட்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல். இன்றைக்கு ஒப்பிட மிக அதிகம், 70ஐத் தொடவில்லை. 1956 மே தினத்துக்கு மேற்கு ஜெர்மனித் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒட்டிய சுவரொட்டியில் ஒரு குழந்தை, ‘சனிக்கிழமை அப்பா எனக்குத்தான்’ என்று சொல்கிறது. தனி ஒருவர் 70 மணி உழைத்திருக்கலாம், தேசிய சராசரி அதைச் சொல்லாது.

இந்தியாவை ஒரு பக்கம் வைத்தால்

இங்கே நீண்டகால ஒப்பீடு கஷ்டம், காரணம் நேரடியானது. பழைய தேசிய மாதிரி சர்வேக்கள் ஒரு நாளை முழுநாள், அரைநாள் என்றுதான் குறித்தன. வாரத்தின் ஏழு நாளுக்கும் மணிக்கணக்காகக் கேட்பது 2017-18இல் தொடங்கிய பிஎல்எஃப்எஸ் என்ற மத்திய அரசின் தொழிலாளர் சர்வேயில்தான். ஆகவே இந்தியாவுக்கு 1991 முதல் வழவழப்பான கோடு போட்ட வரைபடம் கண்ணில் பட்டால், நடுவில் யாரோ ஊகித்து நிரப்பியிருக்கிறார்கள்.

பிஎல்எஃப்எஸ் வைத்துப் போடும்போது இரண்டு இடத்தில் தடுமாறுவீர்கள். கேட்டவர்களின் மாதிரியிலிருந்து சர்வேயே பெருக்கிக் காட்டும் மக்கள்தொகை உண்மையைவிடக் குறைவாக இருக்கும். அதனால் வேலையில் இருப்போர் விகிதத்தை மட்டும் சர்வேயிலிருந்து எடுத்து, மக்கள்தொகைக் கணிப்பால் பெருக்குங்கள். அடுத்தது, அந்த வாரம் லீவில் இருந்தவருக்கு மணி பூஜ்யம், ஆனால் அவர் வேலையில் இருப்பவர்தான். பூஜ்யங்களை விட்டுவிட்டுச் சராசரி எடுத்து 52ஆல் பெருக்கினால், தீபாவளிக்கு ஊருக்குப் போன அத்தனை பேரையும் வேலை செய்ய வைத்துவிடுவீர்கள்.

வீட்டில் சமைப்பது, குழந்தை பார்ப்பது எதுவும் இந்தக் கணக்குகளில் வராது. அதற்கு 2019இலும் 2024இலும் எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வே இருக்கிறது. அதை வேலை நேரத்தோடு கூட்டாமல் தனி வரைபடமாகப் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் வெவ்வேறு கேள்வித்தாளில் இருந்து வருபவை.